ஓரத்துக் குழிகள்

ஜூன் 3

ஆய்வகக் கதவைத் திறந்ததும் குமட்டிக்கொண்டு வந்தது. சனிக்கிழமை யாரோ கழிவுப் பாட்டிலில் பிளீச் ஊற்றாமல் போயிருக்கிறார்கள். செல்கள் தின்று மிச்சம் வைத்த மீடியம் கோயம்புத்தூர் வெயிலில் இரண்டு நாள் ஊறிக் கிடந்தால் என்ன ஆகும்? மீன் மார்க்கெட் சாக்கடை தோற்றுவிடும். மூக்கில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு நான்தான் கழுவினேன். சீனியர் என்றால் மரியாதை கிடைக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி இதில் சேர்ந்தேன்.

குளிர்பெட்டியைத் திறந்தால் செல்களுக்கு ஊட்டும் கன்றுக்குட்டி சீரத்துக்குப் பக்கத்தில் சபாநாயகம் சாரின் தயிர்சாத டப்பா, எலுமிச்சை ஊறுகாய். எங்கள் பேராசிரியர், என் வழிகாட்டி. ஐந்து வருடமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். "தயிருக்கு ஒண்ணும் ஆகாதும்மா" என்பார். சீரத்துக்கு ஆகும் என்பது என் கவலை.

ஜூலை பதினொன்றாம் தேதி எனக்கு ஆய்வுச் சுருக்கக் கூட்டம். அது நல்லபடியாக முடிந்தால் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு இந்த நாற்றத்தை விட்டு ஓடலாம். கணக்கெல்லாம் சரியாக இருக்கிறது, ஒரு படம் மட்டும் மங்கல். அந்தச் சோதனையை இன்னொரு முறை செய்யச் சொல்லியிருக்கிறார் சார்.

ஜூன் 5

விடுதியில் சாம்பார். அதில் மிதந்தது கத்தரிக்காய்தான் என்று வார்டன் சத்தியம் செய்தார்.

ஜூன் 9, ஞாயிறு

கோபியில் அக்கா வீடு. கதவைத் திறந்ததும் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் மிதுனை என் கையில் திணித்துவிடுவாள் அக்கா. அது அவள் வழக்கம். அவனுக்கு இரண்டு வயது. எச்சில், வாழைப்பழம், ஈர டவுசர் எல்லாம் என் சுடிதாரில். "ஐயே, கழுவிட்டுக் குடுக்கா" என்றால் சிரிக்கிறாள். சின்ன வயதிலிருந்தே எனக்கு எல்லாவற்றிலும் அருவருப்பு என்று மாமாவிடம் பழைய கதைகளை எடுத்துவிட்டாள். தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பேனாம். இன்றும் அப்படித்தான்.

நாங்கள் ஆராயும் மரப்பட்டையைத் தூளாக்கி சார் எல்லோருக்கும் ஆளுக்கொரு டப்பா கொடுத்திருந்தார், லேபிள்கூட அச்சடித்தாயிற்று. அதை அக்காவிடம் கொடுத்தேன். சத்துமாவு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"இது என்ன பண்ணும், எனக்குப் புரியற மாதிரி சொல்லு கௌசி" என்றாள்.

சொன்னேன். குடலில் இருக்கும் ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு சுவர். சுவரில் வெளியே பார்த்தபடி ஏற்பிகள். வெளியிலிருந்து வரும் சேதி உள்ளே நுழைய வேண்டியதில்லை. வாசலில் காலிங்பெல்லை அழுத்தினால் போதும், சுவருக்கு உட்புறம் இருக்கும் ஒரு புரதம் விழித்துக்கொள்ளும். அது இன்னொன்றை உசுப்பும். அந்த இன்னொன்று சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற குட்டித் தூதர்களை ஆயிரக்கணக்கில் செய்து வீடெங்கும் அனுப்பும். அவர்கள் போய்க் குழாயைத் திறக்கச் சொல்வார்கள். கொஞ்ச நேரத்தில் பெல் நிற்கும், தூதர்களை அழிக்க ஆள் இருக்கிறது, குழாய் மூடும். இது ஆரோக்கியம்.

"காலரா விஷம் என்ன பண்ணுதுன்னா, உள்ள பூந்து அந்தப் புரதத்தை முழிச்சபடியே பூட்டிருது. பெல்லு மாட்டிக்கிட்ட மாதிரி. தூதர்கள் வந்துக்கிட்டே இருக்காங்க. குழாய் மூடறதே இல்ல. உப்பும் தண்ணியும் உடம்பைவிட்டு ஊத்திருது."

"அட கருமமே. உன்ற பட்டை?"

"சாறு போட்டா தூதர்கள் குறைஞ்சுடறாங்க."

அக்காவுக்கு ஒரே பெருமை. பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டு, "என் தங்கச்சி பேதிக்கு மருந்து கண்டுபுடிச்சிருக்கறாளுங்க" என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. பிடித்தும் இருந்தது.

ஜூன் 13

மங்கல் படத்துக்கான சோதனையைத் தொடங்கினேன். செல்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்ப்பது. தூதர்கள் குறைந்ததற்குக் காரணம் சாறு சேதியை மறித்ததுதான், செல்கள் செத்துப்போனதல்ல என்று காட்ட வேண்டும். மஞ்சள் சாயம் ஊற்றுவோம். உயிருள்ள செல் அதை ஊதாவாக மாற்றும். எவ்வளவு ஊதாவோ அவ்வளவு உயிர்.

இன்றைக்குப் பார்த்து வடிகால் அடைத்துக்கொண்டது. தொட்டியிலிருந்து எதிர்த்து வந்தது என்ன என்று எழுத மாட்டேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு, வரிசை வரிசையாகக் குழிகள் உள்ள பிளாஸ்டிக் பிளேட்டில் சாறை ஊற்றினேன், கடைசி வரிசையில் கை தவறிவிட்டது. பிளேட்டின் ஓரத்துக் குழிகளில் செல் போடுவதில்லை, அவை சீக்கிரம் வற்றும் என்பதால் வெறும் மீடியம் நிரப்பி வைப்போம். அதில் கொஞ்சம் சாறு விழுந்துவிட்டது. பாதகமில்லை. அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

ஜூன் 14

செல் உள்ள குழிகள் நல்ல ஊதா. படம் அருமையாக வந்தது.

ஓரத்துக் குழிகளும் ஊதா.

நேற்று சாறு தவறி விழுந்தவை மட்டும். பல குழிகளில் ஒரே நேரத்தில் ஊற்றும் அந்த மல்டிபிப்பெட்டைப் பெனாசிர் சரியாகக் கழுவுவதில்லை, ஏதாவது செல் ஒட்டிக்கொண்டு போயிருக்கும். அவள் என் ஜூனியர், சொன்னால் முகத்தைத் தூக்கிக்கொள்வாள். சொல்லவில்லை. பிளேட்டை எறிந்துவிட்டேன். படத்தில் ஓரங்களை வெட்டிவிட்டேன், எப்போதும் வெட்டுவதுதான்.

மத்தியானம் சாப்பிட முடியவில்லை. அந்த வடிகால் நாற்றம் இன்னும் போகவில்லை.

ஜூன் 20

ஆய்வுச் சுருக்கக் கூட்டம் என்றால் ஆய்வைத் தவிர மற்ற எல்லாம் இருக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் நிபுணருக்குப் பொன்னாடை. நம் பேராசிரியருக்குப் பொன்னாடை. துறைத்தலைவருக்குப் பொன்னாடை, ஆனால் நம் பேராசிரியருடையதைவிடச் சரிகை ஒரு விரல் குறைவாக. முந்திரி போட்ட கேசரி, மெதுவடை, எல்லோருக்கும் மத்தியானச் சாப்பாடு. ஐந்து வருடம் எலிபோல உழைத்தவள் கடைசியில் சமையல்காரரோடு உட்கார்ந்து வடையின் அளவைப் பேசுகிறாள். இந்த வழக்கத்தை முதலில் கொண்டுவந்தவர் யாரோ, அவருக்கும் ஒரு பொன்னாடை.

மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவர் வந்திருந்தார். குப்பென்று சென்ட் வாசனை, கைகுலுக்கினால் கை ஈரம். தூளைச் சின்னப் பொட்டலங்களாகப் போட்டு விற்கப் போகிறார்களாம்.

"முதல்ல கிட்ஸ் பேக் சார். ஆரஞ்சு ஃப்ளேவர். அம்மாங்க அள்ளிட்டுப் போவாங்க."

சார் சிறுபிள்ளைபோலச் சிரித்தார். "நான் தெனமும் காலையில ஒரு ஸ்பூன் சாப்பிடறேன். வயிறு கல்லு மாதிரி இருக்கு" என்று தொப்பையைத் தட்டிக் காட்டினார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் அதை நம்புகிறார், அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஜூன் 21

சாப்பிடவில்லை.

ஜூன் 24

பெனாசிரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். ஓரத்துக் குழியில் ஊதா வந்ததை, அவள் பிப்பெட் கழுவாததை.

"நான் அன்னிக்கு லீவுக்கா" என்றாள். "அக்கா, செல்லே இல்லாம சாறும் சாயமும் மட்டும் ஒரு பிளேட் போட்டுப் பாத்தா தெரிஞ்சிரும்ல?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நேற்று வந்தவள் எனக்குப் பாடம் எடுக்கிறாள். வெறும் மீடியத்தில் சாயம் போட்டால் வரும் நிறத்தைக் கணக்கிலிருந்து கழிப்போம், அது போதும். சாறும் சாயமும் மட்டும் போட்ட குழி எங்கள் ஆய்வகத்தில் யாரும் வைத்ததில்லை. சாறை உறிஞ்சி எடுத்தால் செல் பிய்ந்து வரும் என்று, சாறு இருக்கும்போதே அதன் மேல் சாயத்தை ஊற்றுவதும் எங்கள் வழக்கம்தான். சார் மாணவராக இருந்த காலத்திலிருந்து அப்படித்தான். மற்ற ஊர்களில் எப்படியோ.

பெனாசிரின் டிபன்பாக்ஸ் மூடியில் பழைய குழம்பு காய்ந்து ஒட்டியிருந்தது. பார்க்கவே சகிக்கவில்லை.

ஜூன் 28

மத்தியானம் அக்கா போன். மிதுனுக்குக் காலையிலிருந்து வயிறு போகிறது.

"பயப்படாத, உன்ற மருந்துதான் குடுக்கறேன். தேன்ல குழைச்சு ரெண்டு வாட்டி குடுத்துட்டேன். மூஞ்சியச் சுளிக்கறான், துப்பறான், மூக்கப் புடிச்சு உள்ள தள்ளிட்டேன். நின்னுரும்ல?"

நான் சாரின் அறையில் நின்றிருந்தேன். எதிரே கம்பெனிக்காரர் லேபிளின் நிறத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"பாத்துக் குடுக்கா" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். கூட்டம் வேறு நெருங்குகிறது, ஸ்லைடு திருத்த வேண்டும்.

ஜூன் 29, கோபி

விடிந்ததும் மாமா போன் செய்தார். முதல் பஸ் பிடித்து வந்தேன். ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு. மிதுன் கண்கள் உள்ளே போய்க் கிடந்தான். வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் கிள்ளினபடியே நின்றது. அழுதான், கண்ணீர் வரவில்லை. கையில் ஊசி குத்த நரம்பு கிடைக்காமல் நர்ஸ் இரண்டு காலிலும் தேடினார்.

டாக்டரம்மா கேட்டார், "வீட்டுல என்ன குடுத்தீங்க?"

அக்கா டப்பாவைப் பையிலிருந்து எடுத்தாள். இந்த நிலையிலும் அவள் குரலில் அந்தப் பெருமை கொஞ்சம் இருந்தது. "என் தங்கச்சி காலேஜ்ல கண்டுபுடிச்ச மருந்துங்க. ராத்திரி முச்சூடும் குடுத்தனுங்க. குடுக்கக் குடுக்க வாந்தியும் சேந்துருச்சுங்க."

"உப்பு சக்கரைக் கரைசல்?"

"இல்லீங்க. இதே நிறுத்திரும்னு..."

டாக்டரம்மா டப்பாவைத் திறந்து முகர்ந்தார். என்னைப் பார்த்தார். குழந்தையிடம் திரும்பிவிட்டார்.

எனக்குத் தெரியாதா? முதல் வருட மாணவர்களுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன். பெல் மாட்டிக்கொண்டு குழாய் ஊற்றும்போதும் குடலில் வேறொரு கதவு திறந்திருக்கும். சர்க்கரையும் உப்பும் கைகோத்து வந்தால் அது உள்ளே விடும், தண்ணீர் பின்னாலேயே வரும். அந்தக் கதவுக்குத் தூதர்களின் கூச்சல் கேட்காது. எந்தக் கிருமியானாலும் முதலில் கொடுக்க வேண்டியது அந்தத் தண்ணீர். போனில் அக்காவிடம் இதைச் சொல்ல ஒரு நிமிடம் ஆகியிருக்குமா? 'பாத்துக் குடுக்கா' என்றேன்.

நாள் முழுக்க நான்தான் துணி மாற்றினேன். கை, புறங்கை, வளையல் எல்லாம். தண்ணீராக, சோறு வடித்த கஞ்சிபோலப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு ஒரு துளி அருவருப்பு வரவில்லை. அவன் உடம்பிலிருந்து வந்த எதுவும் அசிங்கமாகத் தெரியவில்லை. கை கழுவும்போது கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன், அப்போது குமட்டியது.

டப்பாவை என் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ஜூலை 1

மிதுன் கரைசலைச் சங்கில் குடிக்கிறான். மூத்திரம் போய்விட்டான் என்று வார்டே சிரித்தது. நாளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

"நீ கூட இருந்ததுதான் தெம்பு" என்றாள் அக்கா.

ஜூலை 4

பிளேட் போட்டேன். செல் ஒன்றுகூட இல்லை. வெறும் மீடியம், சாறு, சாயம்.

எல்லாக் குழியும் ஊதா. நல்ல, ஆழமான, என் படத்தில் இருப்பதைவிட அழகான ஊதா. சாயத்தை ஊதாவாக்கச் செல் தேவையே இல்லை, பட்டையே மாற்றிவிடுகிறது. ஆளில்லாத வீட்டில் விளக்கு எரிந்தால் குடியிருக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அடுத்து, சாறு போட்ட செல்களுக்கு நீலச் சாயம் வைத்தேன். செத்த செல்தான் நீலத்தை உள்ளே விடும். நுண்ணோக்கியில் பார்த்தேன். கண்ணுக்கெட்டியவரை நீலம். பட்டையின் துவர்ப்பு, தோல் தொழிற்சாலையில் தோலைப் பதப்படுத்துவதுபோல, செல்களைப் பிளேட்டோடு பதப்படுத்தி ஒட்டிவிட்டது. அதனால்தான் அவை உருவம் குலையாமல் உயிரோடு இருப்பதுபோலத் தெரிந்திருக்கின்றன. சேதியை யாரும் மறிக்கவில்லை. பெல்லைக் கேட்க உள்ளே ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இதையா நான் மிதுன் வாயில் போடக் கொடுத்தேன்.

ஜூலை 5

சாரிடம் இரண்டு பிளேட்டையும் கொண்டுபோய் வைத்தேன். தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முதலில் மிதுனைப் பற்றித்தான் கேட்டார். உண்மையாகவே கேட்டார். பிறகு பிளேட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். விரலில் இருந்த ஊறுகாய் பிளேட்டில் பட்டது.

"கான்சன்ட்ரேஷன் ஜாஸ்தியாயிருக்கும்மா."

"நாம படத்துல போட்ட அதே அளவுதாங்க சார்."

"பிளேட்ல நடக்கறது வேற, வயித்துல நடக்கறது வேற. நானே சாப்பிடறேனே, செத்தா போயிட்டேன்?"

"குழந்தைங்களுக்குக் குடுக்கப் போறாங்க சார். இதக் குடுத்தா நிக்கும்னு நம்பிட்டுத் தண்ணி குடுக்க மாட்டாங்க. எங்கக்காவே குடுக்கல."

சார் சாத டப்பாவை மூடினார். வெகுநேரம் மூடியை அழுத்திக்கொண்டே இருந்தார். "அஞ்சு வருஷம்மா. உன்னோடது மட்டுமில்ல, என்னோடதும். கூட்டம் முடியட்டும். அப்புறம் நிதானமா ரிப்பீட் பண்ணிப் பாக்கலாம். இப்பப் போயி எல்லாரையும் குழப்ப வேண்டாம்."

அப்புறம் என்பது எப்போது வரும் என்று எனக்குத் தெரியும். இங்கே எல்லாச் சேதியும் வாசல்வரை வருகிறது. உள்ளே கொண்டுபோகத்தான் ஆள் கிடையாது.

ஜூலை 8

பொன்னாடைகள் வந்துவிட்டன. சரிகை உதிர்கிறது. நல்லது.

ஜூலை 11

கேசரியில் முந்திரி சரியாக இருந்ததாக எல்லோரும் சொன்னார்கள்.

சென்னையிலிருந்து ஒரு பேராசிரியை வந்திருந்தார். கம்பெனிக்காரர் முன்வரிசை. ஏற்பி, புரதம், தூதர்கள், குழாய் என்று எல்லா ஸ்லைடுகளையும் ஒழுங்காகச் சொன்னேன். அந்த ஊதாப் படம் வந்தது. பேராசிரியை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"நல்லாயிருக்கே. சாறு போட்ட பிறகும் செல் எல்லாம் உயிரோட இருக்கா?"

சார் தலையாட்டினார். நான் காலையில் புதிதாகப் போட்டுத் துணியில் சுற்றி வைத்திருந்த பிளேட்டை எடுத்துப்போய்ப் பேராசிரியையின் கையில் கொடுத்தேன்.

"இதுலயும் இருக்குங்க மேடம், பாருங்க. படத்துல இருக்கறதவிட நல்லாவே இருக்கு."

"ஆமாம்."

"இதுல செல்லே போடலீங்க."

யாருக்கும் உடனே புரியவில்லை. பேராசிரியைக்குப் புரிந்தது. பிளேட்டை மேசைமேல் மெதுவாக வைத்தார். அதற்குப் பிறகு நீலச் சாயப் படத்தைப் போட்டேன். மிதுனைப் பற்றியும் சொன்னேன், பெயர் சொல்லாமல். கம்பெனிக்காரர் போன் வந்ததுபோல எழுந்து போனார், போன் வரவில்லை. அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டு மறுபடி வேலை செய்து வரச் சொல்லிப் பேராசிரியை எழுதிக் கொடுத்தார். இன்னும் எத்தனை நாள் இந்த நாற்றமோ.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு சார் அரங்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். தோளில் பொன்னாடை அப்படியே இருந்தது. திட்டுவார் என்று நினைத்தேன். "ஏம்மா, நான் தெனமும் சாப்பிட்டிருக்கேனே. எனக்கு ஒண்ணும் ஆகாதில்ல?" என்று கேட்டார். அவர்மேல் எனக்கு இருந்த வெறுப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன். டாக்டரைப் பாருங்க சார் என்றேன்.

வெளியே வேப்பமரத்தடிக்கு வந்து அக்காவுக்குப் போன் போட்டேன். தூளைப் பற்றி எல்லாம் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள். ஓரத்துக் குழி ஊதாவானதையும் சொன்னேன்.

"அதை எப்பப் பாத்த?"

"பதினாலாந் தேதி."

பின்னால் மிதுன் தண்ணி தண்ணி என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"அப்ப நான் அன்னிக்கு உனக்குப் போன் பண்ணப்பவே உனக்குத் தெரியுமா கௌசி?"

பிளேட்டில் இன்னும் போட்டுப் பார்க்கவில்லை, சந்தேகம் மட்டும்தான் இருந்தது, பக்கத்தில் சார் இருந்தார். இதையெல்லாம் சொல்லியிருக்கலாம்.

"தெரியும்க்கா" என்றேன்.

ஜூலை 14, ஞாயிறு

கோபிக்குப் போனேன். அக்கா கதவைத் திறந்தாள். செருப்பைக் கழற்றினேன். பைப்படியில் கை கால் கழுவிக்கொண்டு வந்து நின்றேன்.

"வா, சாப்பிடு" என்றாள்.

மிதுன் என்னைப் பார்த்துக் கையை நீட்டினான். வாயெல்லாம் வாழைப்பழம். அக்கா அவனை இடுப்பிலிருந்து இறக்கவில்லை.